பாம்புச் செவி

“வலது காது சுத்தமா போயிடுச்சு. இல்லையா தம்பி?”

கம்பெனி பஸ் மல்லாபூர் தொழிற்சாலை கேட்டைத் தாண்டியதும், எதிர் இருக்கையில் இருந்த லட்சுமணன் மெதுவாகக் கேட்டார்.

சூசைராஜ் சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தான். மனைவி அன்னக்கிளிக்குக்கூடத் தெரியாத விஷயம். ஒன்பது மாதமாக யார் வந்தாலும் இடப்பக்கம் உட்காரவைத்து, நாலு பேர் சிரித்தால் தானும் சிரித்து, கூட்டத்தோடு கூட்டமாகக் காலம் தள்ளியிருந்தான். நாளைக்குக் காது பரிசோதனை. தேறாதவனுக்குச் சம்மட்டிக் கொட்டகையில் வேலை கிடையாது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மூன்று பிள்ளைகளோடு மறுபடி மூட்டை தூக்கத்தான் போக வேண்டும்.

போயும் போயும் இவரிடமா மாட்டினோம் என்றிருந்தது. பஸ்ஸில் அவருக்குப் பெயரே பாம்புச் செவி. எந்நேரமும் டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டவைத்திருப்பார். பாட்டில் கிறங்கிவிட்டால் தோளைத் தட்டினால்தான் திரும்புவார். அப்படிப்பட்டவர், முன்பக்கம் நின்று சூப்பர்வைசர் அனந்தராமன் யாரிடமோ குசுகுசுத்ததைப் பின்கோடியில் இருந்தபடி ஒரு சொல் விடாமல் ஒப்பித்திருக்கிறார். அன்றிலிருந்து டிரைவர் அப்துல் ரஹீம் ஏறுகிறவர்களை எச்சரிப்பான்: “லட்சுமணன் பாய் இருக்காரு, ரகசியம் நக்கோ, பேச வேணாம்.”

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே.”

“சொல்றவனா இருந்தா உங்கிட்ட எதுக்குக் கேக்கறேன். யாராவது பேசினா கழுத்தை ஒருபக்கமா சாய்க்கிற. அதுவே காட்டிக்கொடுத்துடும். சாய்க்காதே.”

பிறகு பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று ஊர்ப் பெயர்களை முணுமுணுப்பாராம். கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம்.

“நாற்காலிக்கு எதிர்ல மருந்து அலமாரி இருக்கும். கதவு கண்ணாடி. டாக்டரோட வாய் அதுல பளிச்சுனு தெரியும். சம்மட்டிச் சத்தத்துல நாம என்ன காதாலயா பேசிக்கிறோம்? வாயைப் பார்த்துத்தானே. புதுசா கத்துக்க என்ன இருக்கு.”

காது கூர்மையான மனுஷனுக்குக் கண்ணும் இவ்வளவு கூர்மையா என்று சூசைராஜ் வியந்தான்.

மறுநாள் அலமாரிக் கண்ணாடியில் உப்பல் தெரிந்தது, வாரங்கல் தெரிந்தது, விஜயவாடாவும் தெரிந்தது. டாக்டர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்குத்தான் லட்சுமணனுக்கும் வேலையில் கடைசி நாள். சாயங்காலம் கழுத்தில் சாமந்தி மாலையோடு அதே இருக்கையில் வந்து உட்கார்ந்தார். சூசைராஜ் எதிரே குனிந்து, தேறிவிட்டதைச் சொன்னான். அவர் சிரித்தபடி டிரான்சிஸ்டரை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

“இனிமே இது உனக்குத்தான் வேணும். காதுல வெச்சுக்க, ஒருத்தனும் பேச்சுக் கொடுக்க மாட்டான். இருபது வருஷமா என்னைக் காப்பாத்தின சாமி.”

அவர் இறங்கும் இடம் வந்தது. பஸ் நின்றது. எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து நடந்தார்.

சூசைராஜ் டிரான்சிஸ்டரை நல்ல காதில் வைத்துத் திருகினான். சத்தமே இல்லை. கடைசிவரை திருகினான். இந்தக் காதும் போய்விட்டதா? ஆனால் வெளியே ரிக்ஷா மணி கேட்டது, அப்துல் ரஹீமின் இருமல் கேட்டது. பின்மூடியைத் திறந்தான். பேட்டரிக் கட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில், என்றைக்கோ சிலந்தி கட்டிய கூடு காய்ந்து கிடந்தது.

சூசைராஜ் இருக்கையை விட்டு எழுந்தான்.

“அண்ணே” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. படியில் கால் வைத்திருந்த லட்சுமணனைத் தவிர.