பழைய டயர்

"கதவைச் சாத்திட்டு உட்காரும்மா" என்றார் மேனேஜர்.

கணக்குப் பிரிவுப் பெண் கதவைச் சாத்திவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவள் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அவர்தான் இன்று முடிவு செய்ய வேண்டும்.

மேனேஜர் போனைத் தட்டினார். ஒரு பெண் குரல் ராப் பாடியது.

'கண்ணாடி ரூமுக்குள்ள கடுகடுன்னு ஒரு மூஞ்சி, கையெழுத்துக்குப் போனா தொப்பை வரும் பாஞ்சி.'

"புது ராப்பர்களைச் சேர்த்து ஒரு ஆல்பம். அதுல நாலாவது பாட்டு. பாடினவங்க பேரு 'தீப்பெட்டி'யாம். குரல் உன்னுது மாதிரி இருக்கே?"

"சார்... அது பொதுவா எழுதினது சார்."

"பொதுவா எழுதினதுல என் தொப்பை எப்படிம்மா வந்துச்சு?"

அவள் தலைகுனிந்தாள். வேலை போனது போனதுதான். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

"சார், ஆல்பம் அடுத்த வாரம்தானே வருது? இப்போ அதுல பாடினவங்களுக்கு மட்டும்தானே அனுப்பியிருக்காங்க?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏழாவது பாட்டு கேட்டியா?"

"'பழைய டயர்' பாடினதா? முதலாளிகிட்ட திட்டு வாங்கிட்டு, வீட்டுக்குப் போகப் பிடிக்காம கார்லயே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பத்தி... கேட்டு அழுதுட்டேன் சார்."

சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் வேலைக்குக் காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன். திட்டறதுக்கு உன்னைக் கூப்பிடலை. நான் பாடறது வீட்டுல யாருக்கும் தெரியாது, பாட்டு எப்படி இருக்குன்னு கேட்க வேற ஆளில்லை" என்ற மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"நிஜமாவே அழுதியாம்மா?"