மில் கிரீக் பெட்டியில் ஒரு ஓட்டு

எல்பர்ட்டுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

அதுவும் சொந்த ஊரான மில் கிரீக் பெட்டியில். அவர் ஓட்டுப் போட்டது அங்கேதான். மனைவி ஓபல் போட்டதும் அங்கேதான்.

விடிந்ததும் தீவனக் கடை வாசலில் ஊர்க்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அந்த ஒண்ணு எல்பர்ட் தனக்குத்தானே போட்டுக்கிட்டதுப்பா. பொண்டாட்டி கைவிட்டுட்டா."

"பின்னே? ஆர்கன்சால குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட அவளுக்கென்ன பைத்தியமா?"

அமெரிக்காவின் அந்தத் தென்மாநிலத்தில் பிறக்கிற குழந்தைகூட ஜனநாயகக் கட்சிதான். எல்பர்ட் மட்டும் ஒவ்வொரு தேர்தலிலும் ஷெரீப் என்ற மாவட்டப் போலீஸ் தலைவர் பதவிக்கு எதிர்த்து நிற்பார். தோற்பார். மறுபடி நிற்பார்.

கடைக்குள் இருந்த ஓபல் அதைக் கேட்டுக் கோழித் தீவன மூட்டையைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு வந்தாள்.

"நான் உங்களுக்குத்தான் போட்டேன். நீங்க ஒண்ணு போட்டீங்க. ரெண்டு வரணும். ஒண்ணைத் திருடிட்டானுங்க. கிளம்புங்க, பெட்டியைத் திறக்கச் சொல்லுவோம்."

எல்பர்ட் காபியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"விடு ஓபல்."

"பயமா?"

"விடுன்னா விடேன்."

"சரி, நீங்க வரவேண்டாம்."

தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தாள். அவர் தோற்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் புருஷனுக்குத் துரோகம் செய்தவள் என்ற பேரோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார முடியாது.

கோர்ட்டுக் கட்டடத்தில் ஒரே கூட்டம். மறுபடி ஜெயித்த ஷெரீப் லாம்பர்ட், வாயில் சுருட்டோடு எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் மில் கிரீக்காரர்தான். அதே பெட்டியில் ஓட்டுப் போட்டவர்.

ஓபல் நேராகத் தேர்தல் குமாஸ்தா வெண்டலிடம் போனாள்.

"பெட்டியைத் திறங்க. ஒரு ஓட்டைக் காணோம்."

"மூணு பேர் உக்காந்து எண்ணினோம்மா. எதுவும் காணாமப் போகலை."

ஷெரீப் சிரித்தார். "ஓபலம்மா, கடைசி நேரத்துல கை மாறிப்போயிருக்கும். எனக்குப் போட்டுட்டீங்க. இதுல என்ன வெக்கம்? எல்பர்ட்கிட்ட நான் சொல்லமாட்டேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நான் என் புருஷனுக்குத்தான் போட்டேன்."

"அப்போ எல்பர்ட் தனக்கே போட்டுக்கலையாக்கும்?"

"போட்டுக்கலை."

வாசலில் எல்பர்ட். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது.

"நான் போட்டது உனக்கு, லாம்பர்ட். சர்ச் விருந்துல கை குலுக்கினோமே, மறந்துட்டியா? எதிர்த்து நிக்கிற ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கணும், வெளியே சொல்லக்கூடாது. நம்ம அப்பன்மார் காலத்து வழக்கம். நானும் சொல்லியிருக்கமாட்டேன். நீ இவளைப் பொய்க்காரி ஆக்கிட்டே."

வெண்டல் விரல் மடக்கினார்.

"எல்பர்ட் ஓட்டு ஷெரீப்புக்கு. அப்போ அந்த ஒண்ணு அம்மாவோடது. சரியாப் போச்சு. ஷெரீப்... உங்களோடது?"

ஷெரீப் தீக்குச்சி கிழித்துச் சுருட்டைப் பற்றவைத்தார். அது ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஓபல் கணவனைப் பார்த்தாள்.

"ஒரு ஓட்டுதான்னு நேத்து ராத்திரியே உங்களுக்குத் தெரியும். ஏமாத்தினது நானா அவரான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

"கேக்க என்ன இருக்கு?"

எல்பர்ட் குமாஸ்தாவின் மேஜையைத் தட்டினார்.

"எழுதிக்கோ வெண்டல். அடுத்த தேர்தலுக்கும் நான் நிக்கறேன். ரெண்டு ஓட்டு நிச்சயம்."