ஃபோல்டருக்கு ஒரு பூட்டு

“தம்பி, என் ஃபோல்டருக்கு இன்னைக்கே பூட்டுப் போடணும். யாரோ உள்ள போயிட்டுப் போயிட்டு வாராங்க.”

லிங்கேஷ் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஜெயசித்ரா ஆரம்பித்துவிட்டாள். சங்கரன்கோவிலில் கல்யாணப் பத்திரிகை என்றால் சங்கரசுப்பு அண்ணாச்சி அச்சகம். அங்கே கம்ப்யூட்டரில் பத்திரிகை அடிப்பது பதினோரு வருஷமாக ஜெயசித்ராதான்.

போன மாதம்தான் லிங்கேஷ் அங்கே சர்வர் வைத்துக் கொடுத்தான். அதுவரை பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு மேஜை அலைந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஃபைல் எல்லாம் அண்ணாச்சி அறையில் இருக்கிற சர்வரில். எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் திறக்கலாம், திருத்தலாம்.

“எல்லாரும் எல்லாத்தையும் திறக்கணும்னு நீங்கதானக்கா கேட்டீங்க?”

“கேட்டேன். இல்லைங்கல. நான் அஞ்சரைக்கு வீட்டுக்குப் போறேன். காலைல வந்து பார்த்தா, கடைசியாத் திருத்துனது ஆறு மணின்னு காட்டுது. என் டிசைனை எடுத்து வேற எங்கயோ குடுக்காங்க.”

குரலைத் தாழ்த்தாமலே பக்கத்து மேஜையைப் பார்த்தாள்.

அங்கே மைதீன் பாட்சா. கத்தாரில் பதினைந்து வருஷம் பிரஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு வருஷமாகக் கடையநல்லூரில் இருந்து பஸ்ஸில் வந்து போகிறார். ஆறு மணி வரை இருப்பது அவர் ஒருத்தர்தான்.

அவர் தலையைத் தூக்கவே இல்லை.

உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். “ஏலே லிங்கேஷு, யாருன்னு கண்டுபிடி. யாரா இருந்தாலும் நாளையில இருந்து வர வேண்டாம்னு சொல்லிருதேன்.”

யார் எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்பது சர்வரில் பதிவாகும். லிங்கேஷ் அதைத் திறந்தான்.

மைதீன் பாட்சாவின் கம்ப்யூட்டர்தான். ஒன்பது தடவை. ஒன்பதும் ஜெயசித்ராவின் ஃபைல்.

‘அட! இம்புட்டு சாதுவா உக்காந்திருக்க மனுஷனா?’

என்னதான் செய்திருக்கிறார் என்று பார்க்க, அவர் திருத்துவதற்கு முன்னால் சர்வர் தானாக எடுத்து வைத்த பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தான். டிசைனில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் போயிருந்தது.

ஜெயசித்ரா அடித்தது: ‘காலஞ்சென்ற திரு. மகாராஜன் அவர்களின் குமாரன்.’

மைதீன் பாட்சா திருத்தியது: ‘திரு. மகாராஜன் அவர்களின் குமாரன்.’

மாப்பிள்ளையின் அப்பா சிவகிரி மகாராஜன், பத்திரிகைக் கட்டை வாங்கிப் போக வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

லிங்கேஷ் அடுத்த ஃபைலைத் திறந்தான். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அதே கதைதான். பழைய பத்திரிகையை எடுத்துப் பேரை மாற்றுகிறவள், அந்த வார்த்தையை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறாள்.

“யாருலே அது?” அண்ணாச்சி எழுந்து வந்துவிட்டார்.

சட்டென்று திரையை மூடினான். “யாரும் இல்ல அண்ணாச்சி. சர்வர்ல கடிகாரம் தப்பா ஓடிருக்கு. எதுக்கும் பூட்டிருதேன்.”

பூட்டினான். யாரெல்லாம் திறக்கலாம் என்ற இடத்தில் ஜெயசித்ராவின் பேரை அடித்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே மைதீன் பாட்சா பேரையும் அடித்தான்.

“இப்பத்தான் தம்பி எனக்கு நிம்மதி!” ஜெயசித்ராவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

டீ குடிக்கிற சாக்கில் மைதீன் பாட்சாவை வெளியே கூட்டிப் போனான் லிங்கேஷ்.

“எல்லாம் பார்த்துட்டேன் பாய். உங்க பேரையும் உள்ள போட்டிருக்கேன். ஆனா வேலையே போயிருக்குமே! அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

மைதீன் பாட்சா டீயை ஒரு வாய் குடித்தார்.

“அந்த வார்த்தையைத்தான தம்பி சொல்லணும்? தை மாசம் தன் மக கல்யாணப் பத்திரிகையை அந்தத் தங்கச்சியேதான் இங்கன உக்காந்து அடிச்சுது. தன் புருஷன் பேருக்கு முன்னால அதை அடிச்ச நாள்ல இருந்து, ஸ்கிரீன்ல அது வந்தாலே கண்ணைத் திருப்பிக்கிடுது.”