மிச்சமிருந்த ஓர் அடுக்கு

புதிய காது மெஷினுக்கான சர்க்யூட் போர்டில் மின் இரைச்சலைத் தணிக்கும் ஒரே ஒரு கிரவுண்ட் அடுக்குக்குத்தான் இடம் இருந்தது. அதைச் சிக்னல் அடுக்கை ஒட்டி வைத்தால் ஒலி சுத்தமாகக் கேட்கும். பவர் அடுக்கை ஒட்டி வைத்தால் மின்சாரம் தடுமாறாது. மெஷின் பாதியில் நின்றுபோகாது.

சிக்னலுக்கும் பவருக்கும் பொறுப்பான இரண்டு எஞ்சினியர்களும் அந்த அடுக்குக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் மேனேஜர் கூட்டம் போட்டார். ஆனால் புதிதாகச் சேர்ந்திருந்த சிக்னல் எஞ்சினியர், “பவருக்கே கொடுத்துடுங்க சார்” என்றாள்.

பவர் எஞ்சினியருக்கே தூக்கிவாரிப்போட்டது.

“என்னம்மா, பொசுக்குனு விட்டுக்கொடுத்துட்டீங்க? சத்தம் கரகரன்னு வருமே!”

“கொஞ்சம் வரும். பரவாயில்லைண்ணா.”

மேனேஜருக்குக் கோபம் வந்தது. “உங்க வேலையே சிக்னலைக் காப்பாத்துறதுதானேம்மா? நாளெல்லாம் கரகரன்னு கேட்டா, மாட்டிக்கிறவங்க படுற பாடு உங்களுக்கு என்ன தெரியும்?”

அவள் காதை மூடியிருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் பழைய மெஷின் ஒன்று இருந்தது.

“கரகரப்பு பழகிடுச்சு சார். ரோட்டைக் கடக்கும்போது திடீர்னு எல்லாச் சத்தமும் நின்னுபோகுது பாருங்க, அதுதான் இன்னும் பழகல.”