லோசா கேட்ட பாட்டு

“உன் பாட்டு தேறாது லோசா. அந்த ஓட்டை இயர்போன்ல உனக்கு எங்க தெரியப்போகுது? நல்ல ஹெட்போன் வாங்கிக் கேளு, நீயே அழிச்சிருவ.”

நண்பன் காலெப் சொன்னதை நம்பித்தான் லோசா மனுகாவ் கடைவீதிக்கு வந்தாள். போனில் பாடிப் பதிவுசெய்த பாட்டை அவனுக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தாள்.

“ஆம்ப்ளிஃபையரெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. போன்ல சொருகினாலே நல்லாக் கேக்கணும், விலையும் கம்மியா இருக்கணும்” என்று ஹெட்போன் கடைக்காரியிடம் சொன்னாள்.

“அப்ப அந்தப் பெரிய ஹெட்போனைத் தொடாத சிஸ். போன்ல போட்டா கொசு பாடுற மாதிரி இருக்கும்” என்றாள் கடைக்காரி. “இதோட மின்தடை முப்பத்திரண்டு ஓம்தான், போனே தாங்கும். நேத்து வந்த பாட்டு ஒண்ணு போடுறேன், கேட்டுப் பாரு. நம்ம ஓட்டாரா ஏரியாப் பையன்தான் பாடியிருக்கான்.”

காதில் மாட்டினாள். கிட்டார் புதிது, குரல் காலெப்புடையது. மெட்டும் சொல்லும் அவளுடையவை. ஒரு வரிகூட அவன் மாற்றியிருக்கவில்லை.

கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கடைசியில ‘ஃபாலெட்டோ’ன்னு பேர் சொல்லி அழுறான் பாரு. பாவம், அவங்க அப்பா போய்ட்டாராம்.”

லோசா ஹெட்போனைக் கழற்றினாள்.

“அவங்க அப்பா எங்க தெருவுலதான் மீன் பொரிச்சு வித்துட்டிருக்கார். செத்தது எங்க அப்பா.”