ராயப்பர் நாற்காலி

முதல் நாற்காலியில் தன் மனைவி ஜெர்மேன் போய் உட்காருவதை, ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சிலிருந்து ஜில்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீடத்துக்கு முன்னால் போட்டிருந்த பன்னிரண்டில், கை வைத்த நாற்காலி அது ஒன்றுதான். சீடர்களில் தலையானவரான ராயப்பருடையது, பேதுரு என்பார்களே அவருடையது.

பெரிய வியாழன் சாயங்காலப் பூசை. ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிற நாள்.

போன வருஷம் வரைக்கும் பன்னிரண்டும் ஆம்பளைக் கால்.

போன வருஷம் வரைக்கும் ராயப்பர், ஜில்பேர்.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா அவர். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளில், மெடல் குத்திய மார்பைக் காட்டுவார். பெரிய வியாழனன்று காலைக் காட்டுவார். மற்ற நாட்களெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்துபோகும்.

காட்ட வேண்டிய கால்தான். மதியமே கல்லுப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, கல்லால் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, வெள்ளை சாக்ஸுக்குள் பத்திரமாகக் கோயிலுக்கு வரும். சாமியார் கழுவ அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

"முசியே, இந்தக் காலப் பாத்தா என் கையத்தான் மொதல்ல கழுவணும்போல இருக்கு" என்றார் பழைய சாமியார் ஒரு முறை. ஜில்பேர் அதைப் பாரீசிலிருக்கும் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

இப்போது வந்திருப்பவர் அலெக்சி சாமியார். சின்ன வயசு. பெங்களூரில் ஏதோ படித்துவிட்டு வந்தவர்.

"ஆண்டவரோட ஊர் ஊரா நடந்தவங்கள்ல பொம்பளைங்களும் இருந்தாங்க. அவங்க கால்ல மட்டும் புழுதி ஒட்டலியா?" என்று பிரசங்கத்தில் கேட்டார். கேட்டதோடு விட்டிருக்கலாம். ஆறு ஆண், ஆறு பெண் என்று அறிவித்தார். யூதாஸ் இடத்துக்கு மத்தியாசை அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டுத்தானே எடுத்தார்கள் என்று சொல்லிச் சீட்டும் போட்டார்.

முதலில் வந்த பேர் ஜெர்மேன். ஜில்பேர் பேர் வரவே இல்லை.

பென்ஷனில் பிராங்க் போய் யூரோ வந்தபோதுகூட அவர் இவ்வளவு கலங்கியதில்லை.

"வேதத்தையே மாத்துறாங்கய்யா" என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கபிரியேலிடம். "நான் எனக்காகச் சொல்லல. வேதத்துக்காகச் சொல்றேன்."

"தெரியுது முசியே. ஆனா ராயப்பருக்கே புருஷனாயிட்டீங்களே! இந்த யோகம் யாருக்கு வரும்?"

பின் பெஞ்சில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

இந்த வருஷமும் அவர் கால் தயாராகத்தான் வந்திருந்தது. பன்னிரண்டு பேரில் யாருக்காவது காய்ச்சல் வரலாம். ஆட்டோ கிடைக்காமல் போகலாம். கூப்பிட்டதும் எழுந்து போக வசதியாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, சாக்ஸைக்கூடக் கழற்றி வைத்திருந்தார். யூதாசாக உட்காரவும் மனசளவில் இறங்கி வந்திருந்தார்.

யூதாஸ் நாற்காலியும் நிரம்பிவிட்டது.

ஜெர்மேன் மாம்பழக் கலர் புடவையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு பெருமைகூட இல்லை. அவருக்குப் பொறுக்காதது அதுதான். பெருமைப்படத் தெரியாதவளுக்கு எதற்குக் கை வைத்த நாற்காலி?

நாற்காலி உடைந்து விழட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டார். கோயில் என்பதால், உடனே அதை 'ஆடட்டும்' என்று குறைத்துக்கொண்டார்.

ஆடவில்லை.

சாமியார் மேலங்கியைக் கழற்றினார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, ஜெர்மேன் முன்னால் மண்டியிட்டார். அவள் செருப்புப் பழகிய வலது காலைப் பேசினுக்கு மேலே நீட்டினாள். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு.

இந்தக் காலையா?

தண்ணீர் விழுந்தது. பேசினில் கலங்கலாகத் தேங்கியது. அந்தக் கோயில் பேசினில் அப்படி ஒரு நிறத்தை ஜில்பேர் பார்த்ததில்லை.

அவருக்கு இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கியிருந்தது. ராயப்பர் தம் காலைக் கழுவ வேண்டாமென்று முதலில் மறுப்பார், வேதத்தில் அப்படித்தான். இந்தப் பங்கில் அதை, முதல் நாற்காலிக்காரர் சாமியாரின் சட்டையில் குத்தியிருக்கும் மைக்கில் சொல்வது வழக்கம். ஜில்பேர் காலை வெடுக்கென்று இழுத்து, "நோன், சென்யேர்! வேண்டாம் ஆண்டவரே!" என்பார். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போகும்.

ஜெர்மேனுக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. திக்குவாள். அவர் சொல்லித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாமியார் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கோயில் காத்திருந்தது. ஜில்பேர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார்.

ஜெர்மேன் குனிந்தாள். சாமியாருக்கு மட்டும் கேட்டால் போதும் என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மைக் அதை எல்லா ஸ்பீக்கருக்கும் கொண்டுபோனது.

"சாமி, முட்டிக்குக் கீழ ஒரு துண்டை நாலா மடிச்சுப் போட்டுக்குங்க. நீங்க பன்னெண்டு பேருக்கு மண்டி போடணும். வருஷா வருஷம் எங்க வூட்டுக்காரரு ஒருத்தரு காலைத் தேச்சுவுட்டே எனக்கு ஈஸ்டர் வரைக்கும் முட்டி புடிச்சுக்குது."

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின.

அந்த வருஷமும் கோயில் மொத்தமும் பார்த்தது ஜில்பேரின் கால்களைத்தான்.