கங்காணி வீட்டுக் கார்

"காருக்கு அடியில ஸ்பிரிங் வில்லைத் தாங்குற போல்ட்டெல்லாம் தேஞ்சுபோச்சுங்கய்யா. புதுசு போட்டுடலாம்" என்றான் லாயாங் லாயாங் ஊர்க் கார்ப் பட்டறைக்காரன் செல்லப்பன்.

ரெங்கசாமிக் கங்காணி ஏளனமாகச் சிரித்தார். "விக்கப்போற காருக்கா? பழசையே முறுக்கிவிட்டு, மேல வர்ணத்தைப் பூசு. தரகர் எவனாவது இளிச்சவாயன் தலையில கட்டிடுவாரு."

"வழியில ஒடைஞ்சா உயிர் போயிடுமுங்க."

"போனா, என் வீட்டு உயிரா போகுது?"

அந்த வாரமே கார் விலைபோயிற்று.

அடுத்த மாதம் கங்காணியின் மகள் புஷ்பவள்ளிக்குக் கல்யாணம். தாலி ஏறியதும், பெண்ணைத் தங்கள் ஊரான மூவாருக்கு அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே கார்! கங்காணி காரை நோக்கி ஓடினார்; அதற்குள் மகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சம்பந்தி பெருமையாகச் சொன்னார்: "தரகர்கிட்ட வாங்கினோம், சம்பந்தி. உங்க வீட்டுக் கார்னு சொன்னாரு. அப்புறம் அடியில குனிஞ்சுகூடப் பார்க்கலை!"